தமிழ் லெக்சிகன் இணையத்தில்: ‘சிறை’ என்று தேடிப் பார்த்ததில்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். மனு எழுதுவதும் கோர்ட்டுத் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவதும்தான் என் பிழைப்பு என்பதால், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் திறப்பது இதைத்தான். அகராதி நல்லதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டால் சொல்லலாம். போன மாதம் என்னைப் போட்டு வாட்டிய சொல் ‘சிறை’. அதை வைத்தே எழுதுகிறேன்.

ஓர் அம்மா வந்தார். மகன் கல்லூரியில் கடைசி வருடம், ஊரில் நடந்த ஓர் அடிதடியில் கைதாகி ரிமாண்டில் இருக்கிறான், பரீட்சை எழுத அனுமதி கேட்டுக் கல்லூரிக்கு ஒரு கடிதம் வேண்டும். வேறு எங்கோ டைப் அடித்து வாங்கிய தாளையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அதில் ‘என் மகன் சிறைத் தண்டனை அனுபவித்து வருவதால்’ என்று இருந்தது. அந்த வரியில் விரலை வைத்து, “தண்டனைன்னு போட்டிருக்கே சார், ஜட்ஜ் ஐயா இன்னும் ஒண்ணும் சொல்லலையே?” என்றார். நான் அதை அடித்துவிட்டு ‘நீதிமன்றக் காவலில் இருப்பதால்’ என்று மாற்றினேன். அவர் விடவில்லை. “காவல்னா போலீஸ்கிட்ட இருக்கான்னுல்ல நெனப்பாங்க? அவன் ஜெயில்ல இருக்கான்.” அதுவும் நியாயம்தான். ‘விசாரணைக் கைதி’ என்று எழுதவா என்று கேட்டேன், சட்டப்படி சரியான சொல், ஆனால் கைதி என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர் முகம் போன போக்கைப் பார்த்து அதையும் விட்டுவிட்டேன். கடைசியில் ‘நீதிமன்றக் காவலில், பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருப்பதால்’ என்று நின்றது.

அன்று சாயங்காலம் லெக்சிகனில் ‘சிறை’ என்று போட்டுப் பார்த்தேன். தமிழ் எழுத்திலேயே தேடலாம், சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பொருள், அதையொட்டித் தமிழ்ப் பொருள், எந்த நூலில் எங்கே வருகிறது என்ற குறிப்பு எல்லாம் ஒரே பத்தியில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். நெரிசலாகத்தான் இருக்கும், பழகிவிட்டால் இதைவிட வசதி வேறு இல்லை. காவல், அடைத்து வைப்பது, சிறைச்சாலை, அடிமை, அணை, கரை, பக்கம், அப்புறம் இறகு. ஆம், இறகுதான். ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’யைப் பள்ளிக்கூடத்திலேயே ஒப்பித்தவர்கள் நாம், அந்தச் சிறை வண்டின் சிறகு. பறக்க வைப்பதற்கும் அடைத்து வைப்பதற்கும் ஒரே எழுத்து, ஒரே ஓசை. கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை எனக்கு.

இந்த அகராதிக்கு நான் கடன்பட்டிருப்பது ‘காவல்’ என்ற பொருளுக்காக. ‘சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்’ என்ற குறளில் வருவது ஜெயில் இல்லை, காவலில் வைத்துக் காப்பது. ‘செருவந்த போழ்திற் சிறைசெய்யா வேந்தன்’ என்று 569-ஆம் குறளில் வருபவன் யாரையும் பிடித்து உள்ளே போடாத ராஜா இல்லை, தனக்கு அரண் கட்டிக்கொள்ளாத ராஜா. தொல்காப்பியத்தில் ‘வருவிசைப் புனலைக் கற்சிறை போல’ என்று வருவது வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் கல் அணை. தடுப்பது, காப்பது, அடைப்பது மூன்றும் ஒரே வேரில் இருந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடுங்காவல், வீட்டுக்காவல், தடுப்புக் காவல் என்று இன்றைக்கும் தண்டனைக்கும் அடைப்புக்கும் ‘காவல்’ என்றே ஏன் சொல்கிறோம் என்பது புரிந்தது. அந்த அம்மா குழம்பியதும் சும்மா இல்லை, அந்தச் சொல்லிலேயே இரண்டு அர்த்தம் இருக்கிறது.

சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் பற்றிய புறநானூற்றுக் குறிப்பையும் அன்று எடுத்துப் பார்த்தேன். குடவாயிற் கோட்டத்துச் ‘சிறையிற் கிடந்து’ தண்ணீர் கேட்டவன், கேட்டபோது கிடைக்காமல் பிறகு கிடைத்ததைக் குடிக்காமலே செத்தவன். கிடந்து என்ற வினையைப் பாருங்கள். இன்றும் ஊரில் “ஆறு மாசமா ஜெயில்ல கிடக்கான்” என்றுதான் சொல்கிறோம்.

இதற்கு மேல் இந்த அகராதியிடம் கேட்க முடியாதவை உண்டு. ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936-க்குள் வந்தவை, பின்னிணைப்பு 1939-இல் முடிந்தது. குண்டாஸ் என்று நாம் சொல்லும் சட்டம் 1982-இல் வந்தது, விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம், அந்தச் சொல்லை இதில் தேடிப் பயனில்லை. வினைகளின் மரியாதையும் இதில் கிடைக்காது. 1908-இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யைச் ‘சிறை சென்றார்’ என்போம். பக்கத்துத் தெருப் பையனை ‘உள்ளே போயிட்டான்’ என்போம், ‘களி திங்கிறான்’, ‘கம்பி எண்ணுகிறான்’ என்றுகூடச் சொல்வோம். அவன் மேல் குற்றம் நிரூபணம் ஆகியிருக்கவே வேண்டாம். இந்திய ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இன்னும் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். அவர்கள் எல்லாருக்கும் ‘சிறைத் தண்டனை’ என்று எழுதினால் அது பச்சைப் பொய். அரசுத் தாள்களில் இப்போது ‘சிறைவாசி’ என்று எழுதுகிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது, அங்கே இருக்கிறவர் என்பதை மட்டும் சொல்கிறது, என்ன செய்தார் என்பதைச் சொல்லவில்லை.

அதே தளத்தில் ஃபெப்ரீஷியஸ் அகராதியும் இருக்கிறது, 1779-இல் முதலில் வந்த நூலின் பிற்காலப் பதிப்பு. பொருள்கள் சுருக்கமாக இருக்கும், அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். அதைத் தொகுத்த பாதிரியாரே முதுமையில் கடன் தொல்லையில் மாட்டிச் சிறையில் இருந்தவர்.

மாணவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், மனு எழுதுபவர்கள் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ‘சிறை’யோடு நிறுத்தாமல் ‘காவல்’, ‘காப்பு’, ‘அரண்’ மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள், ஒன்று இன்னொன்றுக்குக் கொண்டு போய் விடும். இன்றைய சட்டச் சொல்லுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு புதிய அகராதி வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் பழகிய ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டும் செய்கிறேன். அந்த அம்மாவின் கடிதத்தில் ‘தண்டனை’ என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை என்பதை அவரே இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.