ஹீட்டர் காயில்: கழுவுவதா, மாற்றுவதா?

குன்னூரில் டிசம்பர் மாதம் காலை ஆறரை மணிக்குக் கார் எடுப்பவருக்கு ஹீட்டர் சொகுசுப் பொருள் இல்லை. உள்கண்ணாடியில் படிந்த ஆவி விலகினால்தான் வளைவில் நிற்கிற காட்டெருமை கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊருக்குக் கோவையிலிருந்து பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி ஓட்டி வந்தேன். குமிழைச் சிவப்புக் கோட்டின் கடைசி வரை திருகியும் வந்தது ஐஸ்பெட்டிக் காற்றுதான்.

காரணம் தேடியதில் முதல் பாதி சுலபமாக முடிந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அளவு சரியாகவே இருந்தது. (இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்தோம். சூட்டில் திறந்தால் முகமும் கையும் வெந்துவிடும்.) ஆனால் டெம்பரேச்சர் முள் பாதிக்கு ஏறவே இல்லை, கோத்தகிரிச் சாலையில் இறங்கும்போது இன்னும் கீழே விழுந்தது. கழற்றிப் பார்த்தால் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி! சமவெளியில் இது சகஜம். கோடையில் ஒருமுறை வண்டி கொதித்தால் வால்வைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். குறிப்பிட்ட சூடு வரும்வரை, பெரும்பாலும் 82 டிகிரியோ 88 டிகிரியோ, தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பது அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் மலைக்குளிரில் இன்ஜினே சூடேறாது, ஹீட்டருக்கு எங்கிருந்து சூடு வரும்?

புது வால்வு போட்டதும் முள் நடுவில் நின்றது. காற்று மட்டும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அடுத்து, இன்ஜினுக்குப் பின்னாலிருந்து டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது, உள்ளே காற்றைத் திருப்பும் தடுப்போ அதன் கேபிளோதான் கோளாறு. இரண்டும் சில்லென்று இருந்தால் தண்ணீர் குறைவு, ஏர் லாக் (குழாய்க்குள் சிக்கிய காற்று), பம்ப் என்று போக வேண்டும். என் வண்டியில் ஒன்று தொட முடியாத சூடு, மற்றது ஏறக்குறைய குளிர்ச்சி. ஹீட்டர் காயிலில், அதாவது இன்ஜினின் சுடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டரில், அடைப்பு. முன்பு வைத்திருந்தவர் ரேடியேட்டருக்கு வருஷக்கணக்காக ஊற்றியது உப்புப் படியும் போர் தண்ணீர் என்று பிறகு தெரிந்தது. கோவையில் அப்படித்தான்: சிறுவாணித் தண்ணி குடிக்க, போர் தண்ணி வண்டிக்கு.

இனி என்ன செய்யலாம் என்று கோவை மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். “ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சு உட்டுறலாங்க, ஹீட்டர் எதுக்குங்க நமக்கு?” என்றார். அவர் ஊருக்கு அது நியாயம்தான். மிச்சமிருந்தவை இரண்டு: காயிலை மாற்றுவது, இருந்த இடத்திலேயே கழுவுவது.

புதுக் காயில் போட்டால் அடைப்புப் பற்றிய சந்தேகம் ஒரேயடியாகத் தீரும். பொருளின் விலையும் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது அது இருக்கும் இடம். சில கார்களில் கால் வைக்கும் பக்கத்திலிருந்து உருவி எடுத்துவிடலாம். உங்கள் வண்டி அப்படியா என்று முதலில் கேளுங்கள், அப்படியானால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. என் காரில் ஸ்டீயரிங்கை இறக்கி, டேஷ்போர்டு முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். ஏசியின் கூலிங் காயிலும் அதே பெட்டிக்குள் இருப்பதால் ஏசி கேஸை வெளியே எடுத்து மறுபடி நிரப்பும் செலவு தனி. கூலிதான் பில்லில் பெரிய வரி.

கூலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போதே ஒடியும். நண்பர் ஒருவர் இதே வேலையைச் செய்தார். ஹீட்டர் அருமையாகச் சூடு தருகிறது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு குழியிலும் டேஷ்போர்டு கிடுகிடுக்கிறது. அட்டையைச் செருகிப் பார்த்தார், பஞ்சு வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. விற்கப் போனபோது பார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “ஆக்ஸிடென்ட் வண்டியா?” கம்பெனி பொருத்திய டேஷ்போர்டை ஒருமுறை பிரித்துவிட்டால் பழையபடி உட்கார வைப்பது லேசில்லை. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ஆகவே கழுவினோம். இரண்டு கிளாம்ப், ஒரு தோட்டக் குழாய், ஒரு முற்பகல். வழக்கமாகத் தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து உள்ளே விட வேண்டும், அப்போதுதான் அடைத்த வழியிலேயே கசடு திரும்பி வரும். முதலில் செங்கல் நிறத்தில் குழம்பு, பிறகு வெள்ளைச் செதில்கள். அவசரப்பட்டு கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் மெல்லிய அலுமினியக் காயில் வெடித்துக்கொள்ளும், அப்புறம் டேஷ்போர்டைப் பிரித்தே ஆக வேண்டும். ஆசிட் யோசனையையும் அதே காரணத்துக்காக வேண்டாம் என்றேன். வடித்த கூலன்ட்டை மூடி போட்ட கேனில் பிடித்தோம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து.

பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. ஏர் லாக் எடுக்க இந்த ஊரே உதவியது: ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்க வண்டியை நிறுத்தி, ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடியே ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் குமிழி அடங்கும்வரை காத்திருந்தோம். அரை மணி நேரத்தில் கண்ணாடி தெளிந்தது.

கழுவினால் தீராத நிலையும் உண்டு. காருக்குள் இனிப்பு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான ஆவி, முன் சீட்டுக் காலடி விரிப்பில் ஈரம்: இவை இருந்தால் காயில் ஒழுகுகிறது. அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை, கிடுகிடுப்பையும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் கணக்கு இரண்டு குளிர்காலத்துக்கு மட்டுமே. அதுவும் பெட்ரோல் வண்டி. டீசல் கார் இன்ஜின் ஓடியபடி சும்மா நிற்கையில் சூடேற நேரம் எடுக்கும், அதை அடைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. போன நவம்பரில் காற்று லேசாகத் தணிந்த மாதிரி பட்டது, மறுபடி ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டுமே சூடாக இருந்தன. கேபிள்தான் கொஞ்சம் நழுவியிருந்தது.