ஐஎஸ்எஸ்: 2030க்கு அப்புறமும் ஓட்டலாமா, மேல தள்ளலாமா, கடல்ல இறக்கலாமா?

ஐஎஸ்எஸ்ங்கிற சர்வதேச விண்வெளி நிலையத்தை 2030 வரைக்கும் ஓட்டுறதாத்தான் நாசா திட்டம் போட்டிருந்துச்சு. அதை நீட்டிக்கணும்னு சொல்றவங்க பக்கத்துல நியாயம் நிறையவே இருக்கு. 2000 நவம்பர்லேர்ந்து ஒரு நாள்கூட ஆள் இல்லாம இருந்ததில்ல, பழைய நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரியெல்லாம் கழட்டிட்டு லித்தியம்-அயான் போட்டாச்சு, 2021லேர்ந்து பழைய சோலார் பேனலுக்கு முன்னாடியே புதுசையும் விரிச்சுட்டாங்க, அதனால கரண்ட்டுக்குப் பஞ்சம் இல்ல.

பிரச்சனை மாத்த முடியாத பாகத்துலதான். ஸ்டேஷன் 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்துது, ஒவ்வொரு சுத்துலயும் ஒரு வெயில் ஒரு நிழல், அப்படின்னா ஒரு நாளைக்கு 16 தடவ உலோகம் சூடாகி ஆறுது, இது 25 வருஷத்துக்கு மேல நடக்குது, போதாததுக்கு விண்கப்பல் வந்து டாக் ஆகி ஒட்டிக்கிறப்பல்லாம் ஒரு அதிர்வு வேற. ஸ்டேஷன்ல ரஷ்யாவோட பகுதியான ஸ்வெஸ்தா மாட்யூல் பின்னாடி ஒரு குட்டி டனல் இருக்கு, அதுல 2019ல காத்து கசிய ஆரம்பிச்சுது. எங்கேர்ந்து போகுதுன்னே தெரியாம, 2020ல டீத்தூளை மிதக்க விட்டு, அது நகர்ந்து போன பக்கம் பாத்து விரிசலைக் கண்டுபிடிச்சாங்க! அடைச்சாங்க, திரும்பவும் கசிஞ்சுது. பேட்டரி மாதிரி அந்தச் சுவரைக் கழட்டி மாத்தவே முடியாது.

மேல தள்ளி மியூசியமா வெச்சிடலாம்ங்கிற யோசனை கேக்க ஆசையாத்தான் இருக்கு, எனக்கும் மனசு அந்தப் பக்கம் போகும். ஆனா 420 டன்னை 400 கிலோமீட்டர்லேர்ந்து 640க்கு மேல கொண்டுபோக டன் கணக்குல எரிபொருள் வேணும், போற இடத்துல விண்வெளிக் குப்பையும் அதிகம், ரிப்பேர் பண்ண உள்ள ஆளும் இருக்காது. பெருசா ஒண்ணு வந்து மோதினா அதுவே ஆயிரக்கணக்கான துண்டா சிதறும். இருக்குறதுலயே மோசமான வழி இதுதான். பிரிச்சு பூமிக்குக் கொண்டுவரலாம்னா, மாட்யூலைச் சுமந்து இறக்குற வண்டி நாசாவோட ஷட்டில் விண்கலம்தான், அதுவும் 2011லயே நின்னு போச்சு.

கடைசியா கடல். ஸ்டேஷனைக் கீழ தள்ளி இறக்குற தனி வண்டி செய்ய நாசா 2024 ஜூன்ல ஸ்பேஸ்எக்ஸுக்கு 84.3 கோடி டாலர் வரைக்கும் கான்ட்ராக்ட் குடுத்திருக்கு. 2001ல ரஷ்யாவோட பழைய ஸ்டேஷன் மிர்ரை பசிபிக்ல சுத்தமா இறக்கினாங்க, ஆனா அது எடைல இதுல மூணுல ஒரு பங்குதான். அமெரிக்காவோட பழைய ஸ்டேஷன் ஸ்கைலேப் கதை வேற: ஷட்டில் வந்து மேல தூக்கும்னு காத்திருந்தாங்க, ஷட்டில் லேட்டாச்சு, சூரியன் உக்கிரமானதுல மேல்வளிமண்டலம் உப்பி இழுக்க ஆரம்பிச்சுது, 1979 ஜூலைல ஆஸ்திரேலியாவுல துண்டு துண்டா விழுந்துச்சு.

அதனால என் ஓட்டு நீட்டிப்புக்குத்தான், ஆனா ஒரு கண்டிஷனோட: இறக்குற வண்டி முதல்ல மேல போய் ஒட்டிக்கணும், அதுக்கப்புறம்தான் வருஷத்தைக் கூட்டணும். புது தனியார் ஸ்டேஷன் ரெடியாகாம 2030ல இதை இறக்கிட்டா சுத்துப்பாதைல ஆள் இருக்குற ஒரே ஸ்டேஷன் சீனாவோட தியாங்காங்தான், அத்தனை வருஷ மைக்ரோகிராவிட்டி (எடையில்லாத நிலை) ஆராய்ச்சி பாதில நிக்கும். ரஷ்யா 2028 வரைக்கும்தான் வாக்கு குடுத்திருக்கு, மெல்ல கீழ இறங்கிக்கிட்டே இருக்குற ஸ்டேஷனை உயரம் ஏத்துற வேலைல பெரும்பங்கு அவங்க ப்ராக்ரஸ் சரக்குக் கப்பலோடது, அவங்க விலகினா அதைச் செய்ய ஆள் வேணும், செலவு வேற வருஷத்துக்கு நாசாவுக்கு மட்டும் சுமார் 300 கோடி டாலர். இத்தனைக்கும் நடுவுல கசிவு திடீர்னு கூடினா, ஆளைக் கீழ அனுப்பிட்டு சொன்ன இடத்துல இறக்க எஞ்சின் ஏற்கனவே அங்க மாட்டியிருக்கணும்.