ஃபெராரி கிளாசிக்கே சான்றிதழ்: பந்தயக் காரை விற்பவருக்கு எவ்வளவு உதவும்?

பழைய ஃபெராரி பந்தயக் கார் விலைக்கு வருகிறது என்றால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "சிவப்புப் புத்தகம் இருக்கா?" என்றுதான். இத்தாலியின் மாரனெல்லோவில் ஃபெராரி நிறுவனமே நடத்தும் கிளாசிக்கே பிரிவு தரும் அசல் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சாலைக் காருக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். பந்தயக் காருக்கு அந்த வரம்பு கிடையாது. விற்கப்போகிறவர் வாங்கி வைப்பது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு "அசல் எஞ்சின்" என்று விளம்பரம் கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

இந்தச் சேவையின் பலம் காப்பகம். எந்த சேசிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்தப் பின் ஆக்சில் ஏறியது என்ற தயாரிப்புத் தாள்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. காரை மாரனெல்லோவுக்கே அனுப்பலாம். அல்லது அவர்கள் அங்கீகரித்த பட்டறையில் காட்டலாம். பாகம் பாகமாகப் படமெடுத்து, எண்களைத் தாள்களோடு ஒப்பிட்டு, ஒரு குழு முடிவெடுக்கிறது.

1960களின் எஞ்சினில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சேசிஸ் எண்ணே எஞ்சினிலும் அடிக்கப்பட்டது. இன்னொன்று எஞ்சினுக்கென்றே தொழிற்சாலை வைத்த உள் எண். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு "நம்பர் மேட்சிங்", அதாவது எண்கள் ஒத்துப்போகும் அசல் கார், என்று சொல்லிவிடுபவர்கள் ஏராளம். உள் எண்ணும் தாளோடு ஒத்துப்போனால்தான் பேச்சுக்கு வலு.

பரிசோதனைக்கு முன் எண் பொறித்த இடத்தில் கைவைக்காமல் இருப்பதே பாதி வேலை. எஞ்சினைப் பளபளப்பாக்க சேண்ட் பிளாஸ்ட் செய்தால் (மணலை வேகமாகப் பீய்ச்சித் துடைத்தால்) எழுத்துகளின் கூர் விளிம்பு மழுங்கிவிடும். எமரி தாள் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தாலோ, எண்ணை அழித்துத் திரும்ப அடித்ததோ என்ற சந்தேகம் வந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய பிரஷால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள், போதும். எழுத்தின் ஆழமும், சுற்றியிருக்கும் வார்ப்பின் சொரசொரப்பும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

இப்போது குறைக்கு வருவோம். பாகங்கள் அசலாகவோ, அசல் அளவீடுகளுக்குப் பொருந்துவதாகவோ இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். இந்த "பொருந்துவதாகவோ"வில்தான் சிக்கல். பழைய பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் வார்ப்பு உடல்) வெடித்தோ தொலைந்தோ போயிருந்தால், கிளாசிக்கே மூல வரைபடத்தைக் கொண்டு புது பிளாக் வார்த்துத் தரும். ஃபெராரியின் கணக்கில் அது முறையான எஞ்சின். 1962இல் ஓடிய எஞ்சினுக்குக் காசு கொடுக்க வருபவர் கணக்கில் அது வேறு பொருள். ஆகவே சிவப்புப் புத்தகத்தின் அட்டையை மட்டும் காட்டி விற்காதீர்கள். அதில் எஞ்சினைப் பற்றிய பக்கத்தை வாங்குபவர் முன் திறந்து காட்டுங்கள். மார்செல் மாசினி போன்ற, நிறுவனத்தைச் சாராத வரலாற்றாய்வாளரின் அறிக்கையையும் கூடவே வையுங்கள். எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) தரும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் பழைய கார்ப் பந்தயங்களில் ஓட்டுவதற்கான தாள்தான். அசல் என்பதற்கு அது ஆதாரமாகாது.

அந்தக் காலத்தில் தொழிற்சாலையே செய்த மாற்றத்தைச் சந்தை மன்னிக்கிறது. பிற்காலத்துப் பட்டறை செய்ததை மன்னிப்பதில்லை. 2018இல் அமெரிக்காவின் மான்டரேயில் ஆர்.எம். சாதபீஸ் ஏல நிறுவனம் விற்ற ஃபெராரி 250 ஜிடிஓ பந்தயக் கார், சேசிஸ் 3413ஜிடி, 1964இல் ஃபெராரிக்கு பாடி செய்துகொடுத்த ஸ்காலியெத்தி பட்டறையில் புது பாடி மாட்டிக்கொண்டது. ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் அசல். ஏலம் 4.4 கோடி டாலரில் முடிந்தது. முதல் 2,50,000 டாலருக்கு 12 சதவீதம், மீதிக்கு 10 சதவீதம் என்று வாங்குபவர் கமிஷன் சேர்ந்து 4.8405 கோடி ஆனது. செய்தியில் வருவது இந்தப் பெரிய தொகை. விற்பவர் கணக்கு 4.4 கோடியிலிருந்துதான் தொடங்கும். அதிலும் அவர் தரப்புக் கமிஷன் பேசி முடிப்பதைப் பொறுத்தது.

அசல் எஞ்சினைப் பெட்டியில் பூட்டிவிட்டு மாற்று எஞ்சினோடு பந்தயம் ஓட்டுவது இந்த வட்டாரத்தில் சகஜம். புத்திசாலித்தனமும்கூட. ஆனால் அலுமினிய பிளாக்கில் தண்ணீர் நின்றால் உள்ளே அரிக்கும். முழுதாக வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அவ்வப்போது கிராங்கை (எஞ்சினின் சுழலும் தண்டை) கையால் சுற்ற வேண்டும். விற்கும்போது 12 சிலிண்டருக்கும் லீக்-டவுன் அளவு (உள்ளே செலுத்திய காற்றில் எத்தனை சதவீதம் கசிகிறது என்பது) எழுதிக் கொடுங்கள். 20 சதவீதம் தாண்டிய சிலிண்டர் இருந்தால் வாங்குபவர் எஞ்சின் வேலைச் செலவை விலையில் கழிக்கத்தான் பார்ப்பார்.

கழன்று போன பாகம் வெளியே யாரிடமோ இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதை முடித்துவிடுங்கள். 2017இல் 4.4 கோடி டாலருக்குக் கைமாறிய இன்னொரு ஜிடிஓவின் அசல் கியர்பாக்ஸ் அமெரிக்காவில் வேறொருவரிடம் இருந்தது. அதை யார் மீட்டுத் தருவது, யார் செலவு செய்வது என்ற தகராறு லண்டன் உயர் நீதிமன்றம்வரை போனது.

பரிசோதனையில் பொருந்தாத பாகம் சிக்கினால் மாற்றிய பிறகுதான் சான்றிதழ். ஆகவே ஏலத் தேதி குறித்துவிட்டு விண்ணப்பிப்பது ஆபத்து. காரை இத்தாலிக்கு அனுப்புவதானால் இன்னொன்றும் உண்டு: 75 வயது தாண்டிய வாகனம் அங்கிருந்து வெளியேற உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோனது என்பதற்கான தாளை உள்ளே நுழையும்போதே வாங்கிவிடுங்கள்.