நேட்டால் கப்பல் பட்டியல்: உழவுக் குடும்பத்தின் வேர் தேட உதவுமா?

1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய சுமார் 1,52,000 பேரின் பதிவேடுதான் நேட்டால் கப்பல் பட்டியல். குடும்ப வரலாறு தேடும் நேட்டால் தமிழருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். காலனி எண்ணை, அதாவது ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் தரப்பட்ட பதிவு எண்ணை, முதலில் பிடியுங்கள். பழைய திருமண, பிறப்பு, இறப்புப் பதிவுகளில் அது பெரும்பாலும் இருக்கும். எண் கிடைத்தால் வயது, தந்தை பெயர், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் ஒரே வரியில். தழும்பு, மச்சம் வரை எழுதியிருப்பார்கள்!

எண் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆனார், கவுண்டர் 'கவுண்டன்', 'கௌண்டன்' என்று பல வடிவம் எடுத்தார். பிறகு தந்தை பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டதால் அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும்கூட வேறு வேறு குடும்பப் பெயரில் இருக்கலாம். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அதே மாவட்ட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வயதை மட்டும் நம்ப வேண்டாம், அது குத்துமதிப்பு.

குறை ஒன்று: நேட்டாலில் பிறந்த பிள்ளைகள் இதில் இல்லை. ஒப்பந்தம் முடிந்து காய்கறித் தோட்டம் போட்டவர்களைத் தொடர, பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பாருங்கள். அவற்றில் வாரிசுகளின் பெயர்கள் கிடைக்கும்.