‘லிப்பிட்’ என்று அச்சிட்ட முடி மருந்து: கூடுதல் விலைக்குத் தகுமா?

மினாக்ஸிடில் 5%, ஃபினாஸ்டரைடு 0.1% கலந்த தலை மருந்து இப்போது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று, ஆல்கஹாலும் புரோபிலீன் கிளைக்காலும் சேர்ந்த பழைய கரைசல். மற்றதன் அட்டையில் ‘லிப்பிட் பேஸ்’, ‘லைபோசோமல்’, ‘நானோ’ என்று ஏதாவது ஒன்று இருக்கும்; மருந்தை நுண்ணிய கொழுப்புத் (லிப்பிட்) துகள்களில் ஏற்றியிருக்கிறோம் என்பதே இவற்றின் பொருள். விலையும் கூடுதலாக இருக்கும். இங்கே பார்ப்பது இந்த இரண்டாவது வகையை.

இதன் உண்மையான லாபம் அரிப்பு குறைவதுதான். மினாக்ஸிடில் தண்ணீரில் மி.லி.க்கு சுமார் 2 மி.கி. மட்டுமே கரையும். 5% என்றால் 50 மி.கி. கரைய வேண்டும், அதற்காகத்தான் கிளைக்கால் சேர்க்கிறார்கள். உச்சந்தலை சிவந்து செதில் உதிர்ந்து மருந்தையே நிறுத்துகிறவர்களில் பலருக்குக் குற்றவாளி இந்தக் கிளைக்கால்தான். ஆகவே அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கச் சேர்மானங்களைப் படியுங்கள். அங்கேயும் புரோபிலீன் கிளைக்கால் இருந்தால் கூடுதல் காசுக்கு அர்த்தமில்லை.

அடுத்தது ‘நானோ’. இந்த யோசனை வெறும் விளம்பரம் அல்ல. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் லாடெமன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், சாயம் ஏற்றிய 320 நானோமீட்டர் துகள்கள் பன்றிக்காதுத் தோலின் மயிர்க்கால்களுக்குள் துகளில் ஏற்றாத சாதாரணச் சாயத்தைவிட ஆழமாக இறங்கின; அதுவும் தேய்த்துவிட்டபோது மட்டும். முடி அசையும்போது அதன் மேற்செதில்கள் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுகின்றன. தேய்க்காத தோலில் அந்த லாபம் கிடைக்கவில்லை. ‘ஸ்ப்ரே செய்தால் போதும்’ என்று சொல்லும் நானோ மருந்தைச் சந்தேகப்படுவதற்கு இதுவே காரணம்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். திட லிப்பிட் நானோதுகள் கலவையில் லிப்பிட்டின் அளவு பொதுவாக 5 முதல் 10%, அதாவது மி.லி.க்கு 50 முதல் 100 மி.கி. அதற்குள் 50 மி.கி. மினாக்ஸிடிலை அடக்க முடியாது. அது கொழுப்பில் அவ்வளவு கரைகிற மருந்தும் அல்ல. ஆகவே பெரும்பகுதி துகளுக்கு வெளியேதான் இருக்கும். ஃபினாஸ்டரைடு வேறு கதை. அது கொழுப்பை நாடும், மி.லி.க்கு 1 மி.கி.தான் தேவை. மருந்தைச் சுமக்கும் வண்டியாக லிப்பிட் நியாயமாகப் பொருந்துவது அதற்குத்தான்.

கண்ணால் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். நீரில் மிதக்கும் லிப்பிட் துகள் கலவை பால் போலவோ நீலம் கலந்த மங்கலாகவோ தெரியும். கண்ணாடி போலத் தெளிந்து, மூடியைத் திறந்ததும் ஆல்கஹால் நெடி அடித்தால், அது பெரும்பாலும் வெறும் கரைசல். துகள் அளவையும், துகள்கள் எவ்வளவு ஒரே அளவில் இருக்கின்றன என்று காட்டும் பி.டி.ஐ. எண்ணையும் (0.3க்குக் கீழே நல்லது) கேட்டால் சொல்லாத நிறுவனத்துக்கு ‘நானோ’ விலை கொடுக்க வேண்டாம்.

பூசும் முறை: எண்ணெய் இல்லாத, காய்ந்த தலையில் வகிடு பிரித்து 1 மி.லி. விடுங்கள், விரல்நுனியால் இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயைத் தலைகுளிக்கும் நாளுக்கு முந்தைய வேளைக்குத் தள்ளிவையுங்கள். படுப்பதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பே பூசினால் தலையணையில் ஒட்டாது. கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடக்கூடாது. மினாக்ஸிடில் பூனைக்கு விஷம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

‘மேற்பூச்சுதானே’ என்று அளவைக் கூட்டாதீர்கள். 1 மி.லி.யில் உள்ள ஃபினாஸ்டரைடு ஒரு முடி மாத்திரையின் அளவு, 1 மி.கி. ஐரோப்பாவில் நடந்த ஒரு மூன்றாம் கட்டச் சோதனையில், லிப்பிட் அல்லாத 0.25% ஸ்ப்ரேகூட முடி உதிரக் காரணமான டி.எச்.டி. ஹார்மோனை இரத்தத்தில் 34.5% குறைத்தது, மாத்திரை 55.6%. ஆண்மைக்குறைவு, மனச்சோர்வு போன்றவை தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பலன் தெரியாதவர்கள் உடனே மருந்து வகையை மாற்ற வேண்டாம். மயிர்க்காலில் உள்ள சல்ஃபோடிரான்ஸ்ஃபெரேஸ் நொதி செயல்படும் வடிவத்துக்கு மாற்றினால்தான் மினாக்ஸிடில் வேலை செய்யும். அந்த நொதி குறைந்தவருக்கு எந்த நானோவும் கைகொடுக்காது. முதல் சில வாரங்களில் முடி அதிகம் கொட்டுவது வழக்கம், ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

வெயிலில் நின்ற காருக்குள் குப்பியை வைக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வேண்டாம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். மெதுவாகக் குலுக்கியும் சேராமல் மேலே திட்டாகவோ அடியில் படிகமாகவோ நின்றால், பில்லோடு கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.