மணிவிழா: ஊர் மண்டபமா, திருக்கடையூரா?

எனக்கு அறுபது நிறையப்போகிறது என்றதும் வீட்டில் இதே பேச்சாகத்தான் இருந்தது. உள்ளூர் மண்டபம் என்றால் சொந்தபந்தம் மொத்தமும் வரும். ஆனால் பத்திரிகை, பந்தி, மொய்க் கணக்கு என்று ஓடி, தம்பதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே நேரமிருக்காது. முதல் கல்யாணத்திலும் அதே கூத்துதானே!

திருக்கடையூர் வேறு மாதிரி. மார்க்கண்டேயனுக்காக எமனைச் சிவன் உதைத்த தலம் என்பதால் 60, 70, 80 நிறைந்தவர்கள் அங்கே போய் மறுபடி தாலி கட்டுகிறார்கள். தனிமையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்; இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி, நடுவே ஹோமப் புகை. கலச நீரை நம் தலையில் ஊற்றும்போது பேரப்பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே போகலாம்.

கடைசியில் நாங்கள் திருக்கடையூருக்கே போனோம். சடங்கு முடிந்த அப்புறம் பட்டுத்துணியை மாற்றிக்கொண்டு பக்கத்திலிருக்கும் தரங்கம்பாடிக்குப் போனோம். 1620இல் டென்மார்க் நாட்டவர் கட்டத் தொடங்கிய கோட்டை, எதிரே கடல். கல்யாணமான முப்பத்து மூன்று வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்த சாயங்காலம் அதுதான்.

செலவா? ஆளைக் குறைத்தால் திருக்கடையூர் மலிவு. பேருந்து பிடித்து ஊரையே கூட்டிப்போனால் மண்டபமே தேவலை. பயணம் தாங்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தாலும் மண்டபம்தான் சரி.