ஜெல் நெயில் பாலிஷ் வீட்டிலேயே: சில வருஷ அனுபவம்

பாத்திரம் தேய்த்து, துணி அலசி, கையால் பிசைந்து சாப்பிடுகிற கையில் சாதாரண நெயில் பாலிஷ் மூன்று நாள் தாங்குவதே பெரிய விஷயம். அதனால்தான் ஜெல்லுக்கு மாறினேன். சில வருஷமாக பார்லருக்குப் போகாமல் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன். ஒரு எல்.ஈ.டி. லேம்ப், பேஸ் கோட், நிறம், டாப் கோட், அவ்வளவுதான் சாமான். இப்போது ஒரு முறை போட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்வதால் அடியில் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும், அப்போது எடுத்துவிடுகிறேன். உரிந்து போய் எடுத்த நிலை மாறி ரொம்ப நாளாகிறது.

இந்த நிலைக்கு வர ஒரே ஒரு விஷயம் புரிய வேண்டியிருந்தது. சாதாரண பாலிஷில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவதால் அது காய்கிறது. ஜெல் அப்படிக் காய்வதில்லை. லேம்ப் வெளிச்சம் பட்டதும் அதிலுள்ள அக்ரிலேட் வகை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. வெளிச்சம் அடிவரை போனால்தான் அடிவரை கெட்டியாகும். நிறப்பொடியோ வெளிச்சத்தை மறிக்கும். பூச்சு தடிமனாக இருந்தால், தீ அதிகமான குழிப்பணியாரம் போல மேலே சிவந்து உள்ளே மாவாகவே இருக்கும். தொட்டால் கெட்டியாகத் தெரியும். நாலு நாளில் தோல் உரிகிற மாதிரி கழன்று வரும், அல்லது லேம்புக்குள்ளேயே சுருக்கம் விழும். அதனால் சீராகப் பூசுவதும் முழுசாகக் கெட்டிப்படுத்துவதும் ஒரே வேலைதான். இரண்டுக்கும் வழி, மெல்லிசாகப் பூசுவது.

பூசுவதற்கு முன்னால் நகம் எண்ணெய்ப் பசையில்லாமல் இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று நான் ஜெல் பக்கமே போவதில்லை. துணி துவைத்த உடனும் வேண்டாம். நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பியிருக்கும். அது வற்றிச் சுருங்கும்போது மேலே உள்ள பூச்சு பிடி விடும். நகம் தொடங்குகிற இடத்தில் ஒட்டியிருக்கும் அடித்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, நகத்தின் பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் பஃபரால் (நகம் தேய்க்கும் மென்மையான அரம்) தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் நன்றாக வழித்துவிட்டு, மறுபக்கத்தில் இருக்கும் சொட்டை நகத்தின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து அடித்தோல் பக்கம் தள்ளி, தோலைத் தொடாமல் நூலளவு இடம் விட்டு நிறுத்தி, நுனிவரை இழுக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஓரம். கடைசியாக நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு. இந்த விளிம்புப் பூச்சை விட்டால் பாத்திரம் தேய்க்கும்போது அங்கிருந்துதான் பெயர ஆரம்பிக்கும். முதல் கோட் திட்டுத்திட்டாக, கோடு கோடாகத்தான் தெரியும். அதைச் சரி செய்யப் போகாதீர்கள், இரண்டாவது கோட் மூடிவிடும். வெளிர் மஞ்சள் மாதிரி நிறங்களுக்கு மூன்றாவதும் தேவைப்படலாம். சீராக இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, விரலைச் சாய்த்து நகத்தில் விழும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பார்ப்பது. கோடு நேராக ஓடினால் பூச்சு சமம். நெளிந்தால் சில நொடி பொறுங்கள், ஜெல் தானே பரவிச் சமமாகும். ஐந்து விரலையும் பூசிவிட்டு வைத்தால் அதற்குள் ஓரங்களில் வழிந்துவிடும். இரண்டு விரல் பூசி லேம்பில் வைப்பதுதான் நிதானமான முறை.

கட்டைவிரலைத் தனியாக வையுங்கள். மற்ற நாலு விரலோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழும். கட்டைவிரலில் மட்டும் பாலிஷ் நிற்பதில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லேம்ப் வாங்கும்போது எல்லாரும் வாட்ஸைப் பார்க்கிறார்கள். என்ன அலைநீளம் என்பதுதான் முக்கியம். 365, 405 நானோமீட்டர் இரண்டும் தருகிற லேம்புகள் பெரும்பாலான ஜெல்களுக்குச் சரிவரும். முடிந்தால் ஜெல்லும் லேம்பும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் அவர்கள் லேம்பை வைத்துச் சொன்னது. உள்ளே சுரீரென்று சுட்டால் கையை உடனே எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். கெட்டியாகும் வினையில் சூடு பிறக்கிறது, தடிமனான பூச்சில் அது அதிகம்.

வெளியே எடுத்ததும் மேலே பிசுபிசுப்பாக இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் மட்டும் வினையைத் தடுப்பதால் வருவது அது. அடுத்த கோட் அதில்தான் பிடிக்கும், நடுவில் துடைக்க வேண்டாம். டாப் கோட் முடிந்ததும் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு போதும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தோலைப் பற்றி. கெட்டியாகாத ஜெல் தோலில் படவே கூடாது. பட்டால் லேம்பில் வைப்பதற்கு முன்பே ஒரு மரக்குச்சியால் வழித்துவிடுங்கள். இதில் இருக்கும் ஹெமா (HEMA) போன்ற அக்ரிலேட்டுகள் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வரலாம், வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்கப் போகாது. பல் அடைக்கவும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையிலும் பயன்படும் பொருள்கள் இதே குடும்பம் என்பதால், இது நகத்தோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஹெமா கலந்த நகப்பூச்சுகளில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட வேண்டும். வெளிச்சம் பட்டதும் கெட்டியாகும் வினையைத் தொடங்கிவைக்கிற டி.பி.ஓ. (TPO) என்ற வேதிப்பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையே செய்துவிட்டார்கள். இரண்டும் இல்லாத ஜெல்லாகப் பார்த்து வாங்குகிறேன், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. லேம்பின் புற ஊதாக் கதிருக்காக, விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொள்கிறேன்.

எடுக்கும்போது அவசரம் கூடாது. மேல் பளபளப்பை அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் தானே நெகிழும். பிய்த்து எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் கூடவே வரும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யவே வேண்டாம்.

சாம்பாரில் இருக்கும் மஞ்சள் வெளிர் நிறங்களில் கறை விடத்தான் செய்கிறது. ஆல்கஹால் துடைப்பில் ஓரளவு போகும். ஒளு செய்து தொழுகிறவர்களுக்கு நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் இது தோதுப்படாது. அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்தாலும் முன்பே எடுத்துவிடுங்கள், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவிக்கு நகம் வெறுமையாக இருப்பது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கறுப்பு, அடர் சிவப்பு பக்கம் உடனே போக வேண்டாம். உள்ளே நகம் தெரிகிற மாதிரி வெளிர் பிங்க் ஒன்று வாங்குங்கள். வெளிச்சம் எளிதாக ஊடுருவும், பிரஷ் கோடுகளும் கண்ணில் படாது. பாட்டிலை ஜன்னலோரம் திறந்து வைக்காதீர்கள். வெயில் வெளிச்சமே பிரஷில் இருக்கும் ஜெல்லைக் கெட்டியாக்கிவிடும்.